ஒன்று காணாமல் போய் நூறாக வருவது

காலை ஒன்பதரைக்கு அந்த ஃபிளாஸ்க்கை ஷேக்கரில் வைத்தேன். ஒரு லிட்டர் எல்.பி. பிராத் என்ற திரவ உணவு, அதில் முந்தைய இரவு வளர்த்த இ.கோலை பாக்டீரியாவின் பி.எல்.21 ரகக் கல்ச்சர் பத்து மில்லி, வெப்பம் 37 டிகிரி. அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து ஓ.டி., அதாவது கலங்கலின் அளவு, பார்ப்பது என் வேலை. கலங்கல் கூடக்கூட அந்த எண்ணும் கூடும். 0.1, 0.2, 0.4 என்று ஒழுங்காக ஏறியது. 0.6 வந்ததும் புரதத் தயாரிப்பைத் தூண்டும் ஐ.பி.டி.ஜி. சேர்த்தேன். இனி பாக்டீரியா எங்களுக்கு வேண்டிய புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கும். நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது ஃபிளாஸ்க் தெளிந்திருந்தது. நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து வெளியே எடுத்த நாளில் பிராத் எப்படி வெளிர் மஞ்சளாகக் கண்ணாடி போல இருந்ததோ, அப்படியே இருந்தது. ஓ.டி. 0.1க்கும் கீழே.

"அக்கா, செல் எல்லாம் செத்துப்போச்சு போலிருக்கு" என்றேன். சீனியர் அக்கா ஃபிளாஸ்க்கைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சுழற்றினார். "வெறுமனே செத்திருந்தா கலங்கலாவே நிக்கும், இல்லன்னா அடியில படியும். இது கரைஞ்சிருக்கு பாரு. நூல் நூலா மிதக்குதே, அது உடைஞ்ச செல்லோட மிச்சம்."

உள்ளே ஃபேஜ் வந்திருந்தது. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், முழுப் பெயர் பாக்டீரியோஃபேஜ். பாடப்புத்தகத்தில் படித்து, நிலவில் இறங்கும் வண்டி போன்ற அதன் படத்தை வரைந்து, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டர் உயிர் கரைந்துபோவதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஃபிளாஸ்க் என் மனதை விட்டுப் போகவில்லை.

அன்று என்னைக் குழப்பியது ஒன்றுதான். 0.4 வரும்போதும் 0.6 வரும்போதும் கல்ச்சர் நன்றாகத்தானே இருந்தது? அப்போதெல்லாம் ஃபேஜ் எங்கே இருந்தது? அக்கா ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். காலையில் அந்த ஒரு லிட்டரில் வெறும் பத்து ஃபேஜ் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஒரு பாக்டீரியாவைப் பிடித்து, ஒரு சுற்று முடியும்போது நூறாக வெளியே வருகிறது. முதல் சுற்றில் ஆயிரம். இரண்டாவதில் ஒரு லட்சம். மூன்றாவதில் ஒரு கோடி. நான்காவதில் நூறு கோடி. இதே நேரத்தில் பாக்டீரியாவும் இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. ஓ.டி. 0.6 இருக்கும் ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரம் கோடி செல் இருக்கும். ஐம்பதாயிரம் கோடியில் நூறு கோடி போனால் எந்தக் கருவிக்கும் தெரியாது. ஐந்தாவது சுற்றில் ஃபேஜ் பத்தாயிரம் கோடி, அதாவது ஐந்தில் ஒரு செல்லுக்கு ஒன்று. ஆறாவது சுற்றில் பத்து லட்சம் கோடி. அதற்குமேல் தாக்குவதற்குச் செல்லே மிச்சம் இல்லை.

ஆக, முதல் நான்கு சுற்று நடந்ததே வெளியில் தெரியவில்லை. எல்லாம் கடைசி இரண்டு சுற்றில், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முடிந்துவிட்டது.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது ஃபேஜும் பாக்டீரியாவைப் போலத்தான் பெருகுகிறது, வேகம் மட்டும் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு. அந்தத் தவறு எங்கே இருக்கிறது என்று தேடிப் போனதில்தான் எனக்கு ஃபேஜ் மீது தீராத ஆசை வந்தது. பாக்டீரியா வளர்ந்து இரண்டாகப் பிரியும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், எந்தக் கட்டத்தில் நிறுத்திப் பார்த்தாலும் முழு உயிர்கள் இருக்கும். ஃபேஜ் வளர்வதும் இல்லை, பிரிவதும் இல்லை. அது தன்னைக் கலைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் அப்படி ஒன்று இருந்ததற்கான அடையாளமே இருக்காது. பிறகு உதிரிகளாகத் தயாரிக்கப்பட்டு, பூட்டப்பட்டு, முழு உருவாக நூறு நூறாக வெளியே வருகிறது. இதைப் பெருக்கம் என்று சொல்லப் பழகிவிட்டோம். எனக்கு அது தயாரிப்பு என்றே படுகிறது.

இந்தத் தெளிவு ஒரே நாளில் வந்ததில்லை. 1915இல் லண்டனில் ஃபிரெடரிக் ட்வார்ட், தட்டில் வளர்ந்த பாக்டீரியாக் கூட்டங்கள் கண்ணாடி போல மாறி அழிவதைப் பார்த்து எழுதினார். அது வைரஸா, பாக்டீரியாவே சுரக்கும் நொதியா என்று அவரால் முடிவு கட்ட முடியவில்லை. 1917இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் அப்படித் தயங்கவில்லை. சீதபேதி நோயாளியின் மலத்தைப் பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த வடிநீரைச் சீதபேதி பாக்டீரியா கல்ச்சரில் கலந்தார். கலங்கலாக இருந்த கல்ச்சர் மறுநாள் காலை தெளிந்திருந்தது. என் ஃபிளாஸ்க்கைப் போலவே. தெளிந்ததில் துளி எடுத்துப் புதுக் கல்ச்சரில் விட்டால் அதுவும் தெளிந்தது. அதில் துளி எடுத்து இன்னொன்றில், அப்புறம் இன்னொன்றில். வெறும் நச்சுப்பொருளாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நீர்த்து நீர்த்துச் சக்தி இழந்திருக்கும். இது இழக்கவில்லை. அப்படியென்றால் உள்ளே இருப்பது பெருகுகிறது. பாக்டீரியாவைத் தின்பது என்ற பொருளில் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

(இந்த இடத்தில் கங்கையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ஆக்ராவில் இருந்த எர்னஸ்ட் ஹான்கின் 1896இல் கங்கை, யமுனை நீர் காலரா பாக்டீரியாவைக் கொல்வதாக எழுதினார். கொதிக்க வைத்தால் அந்தக் குணம் போய்விடுகிறது என்றும் எழுதினார். அவர்தான் முதலில் ஃபேஜைக் கண்டவர் என்று பல இடங்களில் வருகிறது. ஹான்கின் அதை ஆவியாகும் ஏதோ ஒரு பொருளின் வேலையாக நினைத்தார். டெரெல் செய்தது போலத் துளியைத் தொடர்ந்து மாற்றி, பெருகுகிறதா என்று பார்த்த சோதனை அதில் இல்லை. அது ஃபேஜாக இருந்திருக்கலாம். ஆனால் அவரை முதல்வர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

டெரெல் இன்னொன்றும் செய்தார், அது இன்றுவரை நம் கையில் இருக்கிறது. பாக்டீரியாவையும் நீர்த்த ஃபேஜையும் கலந்து கூழ் போல உறைந்த அகார் தட்டில் பரப்பினால், மறுநாள் பாக்டீரியா புல்தரை போலப் பரவியிருக்கும். நடுநடுவே சின்னச்சின்ன வட்ட ஓட்டைகள் இருக்கும். இதை பிளேக் என்கிறோம். ஓர் ஓட்டை விழ ஒரே ஒரு ஃபேஜ் போதும். அது ஒரு செல்லை உடைத்து, வெளியே வந்தவை பக்கத்துச் செல்களை உடைத்து, அப்படியே வட்டமாக விரிகிறது. பாக்டீரியா வளர்ச்சி நின்று தளர்ந்ததும் பெரும்பாலான ஃபேஜ்களுக்கு ஓட்டை பெரிதாவதும் நின்றுவிடும். உணவு தீர்ந்த செல்லில் தொழிற்சாலை ஓடாது.

யோசித்துப் பார்த்தால் இது பெரிய விஷயம். எலக்ட்ரான் நுண்ணோக்கி வருவதற்கு முன்பே, மீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு அகலமே உள்ள ஒரு பொருளை வெறும் கண்ணால், விரல் விட்டு எண்ண முடிந்தது. பத்து லட்சம் மடங்கு நீர்த்ததில் 0.1 மில்லி ஊற்றி 120 ஓட்டை விழுந்தால், மூலத்தில் மில்லிக்கு 120 கோடி ஃபேஜ். அவ்வளவுதான் கணக்கு. நாம் எண்ணுவது ஃபேஜை இல்லை, பாக்டீரியா இல்லாமல் போன இடங்களை.

எங்கள் லேபிலும் அப்படித்தான் உறுதி செய்தோம். அடுத்தடுத்து மூன்று ஃபிளாஸ்க் தெளிந்துவிட்டது. தண்ணீர் சரியில்லை என்றார்கள், ஆட்டோகிளேவ் சரியில்லை என்றார்கள், நான் சோப்பை ஒழுங்காக அலசவில்லை என்றும் ஒரு பேச்சு வந்தது. அக்கா தெளிந்த பிராத்தில் கொஞ்சம் எடுத்துக் குளோரோஃபார்ம் விட்டு, மிச்சம் இருக்கும் பாக்டீரியாவைக் கொன்றார். பிறகு புதிதாகப் பரப்பிய இ.கோலை தட்டில் ஒரு துளி வைத்தார். மறுநாள் துளி வைத்த இடம் வெட்டி எடுத்தது போலத் தெளிவாக இருந்தது. டி1 ஃபேஜ் பற்றிக்கொள்ளும் புரதம் இல்லாத இ.கோலை ரகத்தின் மேல் அதே துளியை வைத்தோம். அங்கே ஒன்றும் ஆகவில்லை. டி1 வகையாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தோம். மற்ற பல ஃபேஜ்கள் காய்ந்தால் பெரும்பாலும் செயலிழந்துவிடும், டி1 காய்ந்தும் பிழைத்திருக்கும். மேஜை, பிப்பெட், சென்ட்ரிஃபியூஜ் மூடி, தூசி எல்லாம் அதற்கு வீடு. ஒரு செல்லுக்குள் போய் வெளியே வர அதற்குப் பதிமூன்று நிமிடம் அளவில் போதும். இரண்டு வாரம் ப்ளீச்சால் துடைத்தோம்.

துடைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில்தான் நான் எல்லிஸ், டெல்ப்ரூக் கட்டுரையைப் படித்தேன். 1939இல் வந்தது. எமரி எல்லிஸ் கலிஃபோர்னியாவில் கால்டெக்கில் இருந்த உயிர்வேதியியலாளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கழிவுநீரிலிருந்து ஃபேஜைப் பிரித்தெடுத்தார். மாக்ஸ் டெல்ப்ரூக் ஜெர்மனியிலிருந்து வந்த இயற்பியலாளர். உயிர் என்பதன் அணுவைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு எல்லிஸின் தட்டுகள் கிடைத்தன.

அவர்கள் செய்ததை முதல் வாசிப்பில் எளிதாகக் கடந்துவிடலாம், நானும் கடந்துவிட்டேன். ஃபேஜையும் பாக்டீரியாவையும் சில நிமிடம் சேர்த்து வைத்தார்கள். அந்தச் சில நிமிடத்தில் பெரும்பாலான ஃபேஜ் ஒட்டிக்கொள்ளும். ஃபேஜுக்கு நீந்தத் தெரியாது, துரத்தத் தெரியாது. நீரின் மூலக்கூறுகள் இடிக்கிற இடிப்பில் அலைந்து தற்செயலாக ஒரு செல்லில் மோதுகிறது, அவ்வளவுதான். மில்லிக்குப் பத்துக் கோடி செல் இருந்தால் அந்த மோதலுக்குச் சில நிமிடம் போதும். பிறகு கலவையைப் பல ஆயிரம் மடங்கு நீர்த்தார்கள். இதுதான் அந்தச் சோதனையின் உயிர். இப்படி நீர்த்துவிட்டால், வெடித்து வெளியே வரும் ஃபேஜுக்கு அடுத்த செல் எளிதில் கிடைக்காது. ஒரு சுற்று மட்டும் நடந்து நின்றுவிடும். எல்லாச் செல்லும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தொடங்கியதால், உள்ளே நடப்பதைக் கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். சில நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்துத் தட்டில் போட்டு, மறுநாள் ஓட்டைகளை எண்ணினார்கள்.

ஓட்டைகளின் எண்ணிக்கையை நேரத்தோடு வரைந்த கோடு அரை மணி நேரம் அசையாமல் கிடந்தது. வெடிக்காத செல், உள்ளே என்ன நடந்தாலும், தட்டில் ஒரே ஓர் ஓட்டைதான். அப்புறம் படிக்கட்டு போல எழும்பியது, பல பத்து மடங்கு. பிறகு மறுபடி சமமாக ஓடியது. பாக்டீரியா வளர்ச்சியில் இப்படி ஒரு படி வராது, அது சரிவாக ஏறும். இது தயாரிப்பு என்று சொன்ன முதல் படம் இதுதான். ஒரு செல்லிலிருந்து எத்தனை வருகிறது என்பதற்கு பர்ஸ்ட் சைஸ் என்று பெயர். அதையும் தனித்தனிச் செல்லில் பார்த்தார்கள். சிலவற்றில் சொற்பம், சிலவற்றில் இருநூறு.

அந்த அரை மணி அமைதிக்குள் என்ன நடக்கிறது? 1940களின் இறுதியில் அகஸ்ட் டோர்மன் அதைத் திறந்து பார்த்தார், நிஜமாகவே திறந்து. டி4 என்ற ஃபேஜ் தாக்கிய செல்களை வெவ்வேறு நிமிடத்தில் சயனைடால் நிறுத்தி, இன்னொரு வகை ஃபேஜை ஏராளமாகச் சேர்த்து வெளியிலிருந்தே உடைத்தார். உள்ளே இருக்கும் ஃபேஜை எண்ணினார். முதல் பத்து நிமிடமும் ஒன்றுகூட இல்லை. உள்ளே போன அந்த முதல் ஃபேஜ்கூட இல்லை! பிறகு மெல்ல ஒன்று, இரண்டு என்று தோன்றி ஏறிக்கொண்டே போனது. அந்த வெற்று நேரத்துக்குக் கிரகணம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலா எங்கும் போய்விடவில்லை, நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கு 1952இல் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் பதில் சொன்னார்கள். ஃபேஜின் புரத உறையைக் கதிரியக்கக் கந்தகத்தாலும், டி.என்.ஏ.வைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளப்படுத்தி, ஒட்டவிட்டு, சமையலறை மிக்ஸி போன்ற ஒரு பிளெண்டரில் சுற்றினார்கள். உறைகள் பெரும்பாலும் உதிர்ந்து வெளியே போய்விட்டன. டி.என்.ஏ. பெரும்பாலும் செல்லுக்குள் இருந்தது. சுற்றிய பிறகும் அந்தச் செல்கள் ஃபேஜைத் தயாரித்தன. டி.என்.ஏ.தான் மரபுப்பொருள் என்பதற்குச் சான்றாக இந்தச் சோதனையைப் பாடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அது கிரகணத்தின் விளக்கமாகத்தான் முதலில் தெரிகிறது. உள்ளே போவது ஃபேஜ் இல்லை, அதன் செய்முறைக் குறிப்பு மட்டும். குறிப்பைத் தட்டில் ஊற்றினால் ஓட்டை விழாது.

டி4 அந்தக் குறிப்பை உள்ளே அனுப்பும் விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆறு நீண்ட கால்கள் போன்ற நார்கள். அவை இ.கோலையின் மேல்தோலைத் தொட்டு, விட்டு, மறுபடி தொட்டு, இடம் சரியாக அமையும்வரை தேடும். அமைந்ததும் அடித்தட்டு உருமாறி ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் விடுதலை இல்லை. வாலின் உறை பாதிக்கும் கீழாகச் சுருங்க, உள்ளிருக்கும் குழாய் செல்லின் தோலுக்குள் இறங்குகிறது. குழாயின் நுனியில் சுவரை அரிக்கும் நொதி இருக்கிறது. பிறகு டி.என்.ஏ. இறங்குகிறது. 1,68,903 எழுத்து, நீட்டி வைத்தால் ஐம்பது மைக்ரோமீட்டருக்கு மேல். அது சுருண்டிருந்த தலை 0.1 மைக்ரோமீட்டர் அளவு. புகுகிற செல் இரண்டு மைக்ரோமீட்டர் நீளம்.

உள்ளே போனதும் செல்லின் சொந்த டி.என்.ஏ.வை வெட்டி, அந்த எழுத்துகளையே எடுத்துத் தன் பிரதிகளைச் செய்துகொள்கிறது. தன்னுடையதை வெட்டிவிடாமல் இருக்க, டி4 சைட்டோசின் என்ற எழுத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறது. வெட்டும் நொதிக்கு அது பழக்கமில்லாத எழுத்து. தலை ஒரு வரிசையில், வால் இன்னொரு வரிசையில், கால்கள் மூன்றாவது வரிசையில் தயாராகின்றன. 1966இல் ராபர்ட் எட்கரும் வில்லியம் உட்டும் தலை செய்யத் தெரியாத ஒரு ஃபேஜ் வகை தாக்கிய செல்லின் சாற்றையும், வால் செய்யத் தெரியாத இன்னொன்று தாக்கிய செல்லின் சாற்றையும் குழாயில் கலந்தார்கள். உயிருள்ள ஃபேஜ் வந்தது. செல்லே இல்லாமல், உதிரிகள் தாமாகவே பூட்டிக்கொண்டன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் கதவு திறக்க வேண்டும். ஹோலின் என்ற புரதம் உள்சவ்வில் சேர்ந்துகொண்டே வந்து, குறித்த நேரத்தில் ஓட்டை போடுகிறது. அதுவரை உள்ளே அடைபட்டிருந்த நொதி அந்த ஓட்டை வழியாகப் போய்ச் சுவரைக் கரைக்கிறது. செல் வெடிக்கிறது. டி4 விஷயத்தில், ஏற்கெனவே ஃபேஜ் இருக்கும் செல்லின் மேல் இன்னொரு டி4 வந்து மோதினால், வெடிப்பு தள்ளிப்போகும். வெளியே நிறைய ஃபேஜ் அலைகிறது, ஃபேஜ் புகாத செல் குறைவு, அவசரப்பட வேண்டாம், உள்ளேயே இன்னும் கொஞ்சம் தயாரிக்கலாம் என்பது போல. மூளை இல்லாத, நரம்பு இல்லாத ஒரு பொருள் இதைச் செய்கிறது.

எல்லா ஃபேஜும் இப்படி வெடித்துத்தான் தீரும் என்றும் இல்லை. லாம்டா என்ற ஃபேஜ், செல்லின் டி.என்.ஏ.வோடு தன்னைச் செருகிக்கொண்டு, செல் பிரியும்போதெல்லாம் சேர்ந்து பிரதியாகி, தலைமுறை தலைமுறையாகச் சும்மா இருக்கும். உலகமெங்கும் லேப்களில் வளர்த்த இ.கோலை கே-12 ரகத்துக்குள் அது பல வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தது. எஸ்தர் லெடர்பெர்க் அதைக் கண்டு 1951இல் அறிவித்தார். புற ஊதா ஒளி பட்டால் விழித்துக்கொண்டு வெடிக்கும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

லேப் சுத்தமான பிறகு, எனக்கு அந்தப் படிக்கட்டை என் கையால் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. புரத லேபில் ஃபேஜைக் கொண்டுவருவது நினைக்கவே முடியாத காரியம். அக்காதான் வேறு கட்டிடத்தில், மாணவர் பயிற்சிக்கான அறையில் ஒரு சனிக்கிழமை இடம் வாங்கிக் கொடுத்தார். டி4, இ.கோலை பி, மூன்று தண்ணீர்க் குளியல் தொட்டி, ஒரு சுவர்க்கடிகாரம். ஐந்து நிமிடம் ஒட்டவிட்டு, நீர்த்து, அதன்பின் சில நிமிடத்துக்கு ஒருமுறை 0.1 மில்லி எடுத்து, உருகிய மெல்லிய அகாரில் பாக்டீரியாவோடு கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். அகார் ஆறுவதற்குள் தட்டைச் சுழற்ற வேண்டும். இருபத்தைந்தாவது நிமிடத்துக்கு அப்புறம் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. "நேரம் போனா போகட்டும், அளவு தப்பக் கூடாது" என்று அக்கா பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை இன்குபேட்டரைத் திறந்தேன். பத்தாவது நிமிடத் தட்டு, பதினைந்து, இருபது எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஓட்டைகள், ஆற அமர எண்ணலாம். இருபத்தைந்தில் கொஞ்சம் கூடியிருந்தது. முப்பதாவது நிமிடத் தட்டில் ஓட்டையோடு ஓட்டை ஒட்டி நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்தில் எண்ணுவதற்குத் தனியாக ஓர் ஓட்டை இல்லை. பாக்டீரியாவே இல்லாமல் தட்டு முழுக்கத் தெளிந்திருந்தது. அக்காவுக்குப் போனில் படம் அனுப்பினேன். உடனே பதில் வந்தது. "முப்பது, முப்பத்தஞ்சு சாம்பிள் ஃப்ரிட்ஜில்தான் இருக்கு. நூறு மடங்கு டைல்யூட் பண்ணித் திரும்பப் போடு, எண்ணிடலாம்."

குழாய் ஸ்டாண்டை எடுத்து வைத்து, அகாரை உருக்க ஆரம்பித்தேன்.